எப்போ போட்டீங்க? ஜீப்ரா ஃபிஷ் கருவுல என்சைம் இன்ஹிபிட்டர் போட்டுப் பார்க்கப் போறவங்களுக்கு

பிடியூன்னு ஒரு கெமிக்கல் இருக்கு. ஜீப்ரா ஃபிஷ் லேப்புக்குள்ள கால் வைக்கிற யாரும் முதல் வாரத்துலயே இந்தப் பேரைக் கேட்டுடுவாங்க. இதைப் போட்டா மீன் குஞ்சு கண்ணாடி மாதிரி ஆயிடும்னு எனக்கும் சொன்னாங்க. சரின்னு ஒரு நாள் மதியம் சாப்பிட்டு வந்து, முப்பது முப்பத்திரண்டு மணி நேரக் கரு இருந்த டிஷ்ல ஊத்திட்டு, மறுநாள் காலையில ஆசையா மூடியைத் திறந்து பார்த்தா கண்ணு கறுப்பு, முதுகுல புள்ளி, எல்லாம் அப்படியே இருக்கு. மருந்து கெட்டுப்போச்சுன்னு நானே முடிவு பண்ணி புது பாட்டிலுக்கு இன்டென்ட் கூட எழுதிட்டேன். சீனியர் அக்கா வந்து டிஷ்ஷை ஒரு தடவை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்துட்டு ஒரே கேள்விதான் கேட்டாங்க. "தம்பி, எப்போ போட்ட?"

எதைப் போட்ட, எவ்வளவு போட்டன்னு கேக்கலை பாருங்க. எப்போன்னு கேட்டாங்க. இன்ஹிபிட்டரும் கருவும் சேர்ற எல்லா இடத்துலயும் முதல்ல கேக்க வேண்டிய கேள்வி இதுதான், புதுசா வர்றவங்க கடைசியா யோசிக்கிறதும் இதைத்தான். அதனால கீழ வர்ற ரெண்டு எக்ஸ்பெரிமென்டும் மருந்தைப் பத்தினது மாதிரி தெரிஞ்சாலும் உண்மையில கடிகாரத்தைப் பத்தினதுதான்.

முதல்ல கொஞ்சம் தியரி, தப்பிக்க முடியாது

என்சைம்னா ஸ்கூல்ல படிச்ச நொதிதான். ஒரு பொருளை இன்னொரு பொருளா மாத்துற வேலையை வேகமா முடிச்சுக் குடுக்கற புரோட்டீன். இன்ஹிபிட்டர் அதோட வேலை செய்யற இடத்துல போய் உக்காந்துக்கும், இல்ல வேற இடத்துல ஒட்டிக்கிட்டு அதோட வடிவத்தையே கோணலாக்கிடும். சிலது கழுவினா போயிடும், சிலது ஒட்டினா ஒட்டினதுதான். நீங்க எடுத்திருக்கறது இதுல எந்த ரகம்னு முன்கூட்டியே தெரிஞ்சு வச்சுக்கங்க, ஏன்னா கழுவிட்டுப் பார்க்கற எக்ஸ்பெரிமென்ட் எல்லாம் அதை நம்பித்தான் நடக்குது.

கரு விஷயத்துல கூடுதலா ஒண்ணு இருக்கு. முட்டை உருவாகும்போதே தாய் மீன் அதுக்குள்ள ஆர்என்ஏ, புரோட்டீன்னு ஒரு குடித்தனத்துக்கு வேண்டிய சாமானெல்லாம் கட்டி அனுப்பிடும், நம்மூர்ல பொண்ணுக்கு சீர் வச்சு அனுப்பற மாதிரி. கரு முதல் கொஞ்ச நேரம் அந்த சீர் சாமானை வச்சேதான் காலத்தை ஓட்டும், சொந்த ஜீன் இன்னும் அடுப்பே பத்த வச்சிருக்காது. ஜீப்ரா ஃபிஷ்ல 28.5 டிகிரியில வளர்த்தா முதல் பிளவு 45 நிமிஷத்துல வரும், அப்புறம் கால் மணிக்கு ஒரு பிளவுன்னு ஓடி, 512 செல் ஆகறப்போ, சுமார் 2 மணி 45 நிமிஷத்துல, சொந்த ஜீன்கள் பெரிய அளவுல வேலைய ஆரம்பிக்கும். இதைக் காட்டறதுக்கு அழகான இன்ஹிபிட்டர் ஒண்ணு இருக்கு, ஆல்ஃபா அமானிடின். ஆளைக் கொல்ற காளான்ல இருக்கற விஷம், ஆர்என்ஏ பாலிமரேஸ் 2ங்கற என்சைமை நிறுத்திடும். அதை ஒரு செல் கட்டத்துலயே ஊசியில ஏத்தினாலும் ஜீப்ரா ஃபிஷ் கரு எதுவுமே நடக்காத மாதிரி ஜம்முனு பிளந்துக்கிட்டே போகும், ஆயிரம் செல் வரைக்கும் போகும், அதுக்கப்புறம் மஞ்சள் கருவைப் போர்த்திக்கிட்டு இறங்க வேண்டிய நேரத்துல அப்படியே நின்னுடும். சீர் சாமான் தீர்ந்துடுச்சு, அடுப்பு பத்தலை. இதே விஷம் எலிக் கருவை ரெண்டு செல்லுலயே நிறுத்திடும், ஏன்னா எலி ரெண்டு செல்லுலயே சொந்த சமையலுக்கு வந்துடுது. மனுஷக் கரு நாலுலேர்ந்து எட்டு செல்லுக்குள்ள வருது.

அதனால மருந்து போட்டு ரெண்டு மணி நேரத்துல எதுவும் ஆகலைன்னா மருந்து வேலை செய்யலைன்னு அர்த்தம் இல்லை. அந்த என்சைமோட வேலையே இன்னும் வராம இருக்கலாம். இல்ல, தாய் குடுத்த புரோட்டீன் ஏற்கனவே தன் வேலைய முடிச்சிருக்கலாம்.

நேரத்தைப் பத்தி இன்னும் சந்தேகம் இருக்கறவங்களுக்கு லித்தியம் கதை. 1892ல கர்ட் ஹெர்ப்ஸ்ட்ங்கற ஜெர்மன்காரர் கடல் முள்ளெலி கருவை லித்தியம் உப்புல போட்டு, குடல் உள்ள போகாம வெளிய பிதுங்கி நிக்கறதைப் பார்த்தார். ஏன்னு அப்போ யாருக்கும் தெரியாது. ஜிஎஸ்கே 3ங்கற என்சைமைத்தான் லித்தியம் தடுக்குதுன்னு 1996ல தான் தெரிஞ்சுது, நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆப்பிரிக்கத் தவளைக் கருவை 32 செல்லுல லித்தியத்துல நனைச்சா உடம்பே இல்லாம தலையும் கண்ணுமா உருவாகும். அதே தவளையில அதே லித்தியத்தை சில மணி நேரம் தள்ளிப் போட்டா இந்தத் தடவை தலை குறைஞ்சு போகும். மருந்து ஒண்ணு, என்சைம் ஒண்ணு, ரிசல்ட் மட்டும் நேர் எதிர். இதைப் படிச்சதுக்கு அப்புறம்தான் அந்த அக்கா கேள்வி எனக்கு முழுசா உறைச்சுது.

முட்டை எடுக்கறது

இந்த மீன் நம்ம துணைக்கண்டத்து மீன்தான், கங்கை, பிரம்மபுத்திரா பக்கத்து ஓடை, வயக்காட்டுத் தண்ணியில கிடக்கும், 1822ல ஹாமில்டன் பேர் வச்சார். அதை லேப் மீன் ஆக்கினது அமெரிக்காவுல ஆரிகன் யுனிவர்சிட்டியில இருந்த ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர், 1981ல அவரோட பேப்பர் வந்ததுலேர்ந்துதான் இதோட மவுசு ஏறுச்சு. கரு தாய் வயித்துக்கு வெளிய வளருது, உள்ள நடக்கறது எல்லாம் தெரியுது, மருந்தைத் தண்ணியில கலந்தாலே போதும், வேற என்ன வேணும். கொளத்தூர்ல போய் வாங்கினா சல்லிசா கிடைக்கும்தான், ஆனா அது எந்த வம்சம், என்ன நோய், என்ன வயசுன்னு ஒண்ணும் தெரியாது, அதனால ஆராய்ச்சிக்கு லேப்ல வளர்த்த மீனையே கேட்டு வாங்குங்க. பார்த்துப் பழகறதுக்கு மட்டும்னா கடை மீன் போதும்.

லைட் 14 மணி நேரம் எரியணும், 10 மணி நேரம் அணையணும், இது முக்கியம். முந்தின நாள் சாயங்காலம் ஆணையும் பொண்ணையும் ஒரே தொட்டியில நடுவுல தடுப்பு வச்சுப் பிரிச்சு விட்டுட்டு, காலையில லைட் போட்டதும் தடுப்பை எடுத்தா துரத்த ஆரம்பிச்சுடும். அடியில வலைத்தட்டு கண்டிப்பா இருக்கணும், முட்டை அது வழியா கீழ விழுந்துடணும், இல்லன்னா போட்ட முட்டையை அதுங்களே தின்னுடும், வலை இல்லாத இடத்துல கோலிகுண்டை அடியில பரப்பி வச்சும் சமாளிக்கலாம். ஒரு பொண்ணு மீன் ஒரு காலையில நூறு, இருநூறுன்னு தரும். தடுப்பு எடுத்த நேரத்தையும் முட்டை எடுத்த நேரத்தையும் ரெண்டையுமே எழுதுங்க. கருவோட வயசு அங்கேர்ந்துதான் ஆரம்பம். அரை மணி நேரத்துக்குள்ள விழுந்த முட்டையை மட்டும் ஒரு கூட்டமா வச்சுக்கங்க, ரெண்டு மணி நேரமா விட்டு மொத்தமா அள்ளினீங்கன்னா ஒரே டிஷ்ல தாத்தாவும் பேரனும் இருப்பாங்க.

அள்ளினதை டீ வடிகட்டியில ஊத்தி நல்ல தண்ணியில ரெண்டு தடவை அலசுங்க. பிளாஸ்டிக் டீ வடிகட்டிதான், லேப்புக்குன்னு விக்கிறதை விட இது நல்லாவே வேலை செய்யும். ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சு மைக்ரோஸ்கோப்புல பார்த்தா நல்ல முட்டையில மேல ஒரு குவியல் செல் சீரா இருக்கும், சோடை முட்டையில ஒத்தைக் குமிழா நிக்கும், இல்லன்னா செல் கோணலா இருக்கும், சாயங்காலத்துக்குள்ள பால் மாதிரி வெளுத்துப் போகும். அதையெல்லாம் அப்பவே எடுத்துடணும். இரக்கப்பட்டு விட்டு வச்சா அழுகி, பக்கத்துல இருக்கறதையும் கொல்லும், நீங்க மருந்து கொன்னுதுன்னு எழுதுவீங்க.

மீன் கரு சோதனைக்குன்னு உலக அளவுல ஒரு முறை இருக்கு, ஓஇசிடி 236, 2013ல வந்தது. அதுல முட்டைகள்ல குறைஞ்சது 70% கருத்தரிச்சிருக்கணும், சும்மா தண்ணியில இருக்கற கூட்டத்துல 90% உயிரோட இருக்கணும், இல்லன்னா அந்த சோதனையே செல்லாது. நீங்க ரிப்போர்ட் எங்கயும் அனுப்பப் போறதில்லைன்னாலும் இந்த ரெண்டு நம்பரையும் வச்சுக்கங்க. கன்ட்ரோல், அதாவது மருந்து போடாத கூட்டம், சாகற நாள்ல மத்த எதையும் பார்க்காதீங்க, மூடி வச்சுட்டு மறுநாள் புது முட்டை எடுங்க.

தண்ணி, ஸ்டாக், கணக்கு

கரு வளர்க்கற தண்ணிக்கு இ3ன்னு பேரு. சோடியம் குளோரைடு 5 மில்லிமோலார், பொட்டாசியம் குளோரைடு 0.17, கால்சியம் குளோரைடு 0.33, மெக்னீசியம் சல்பேட் 0.33. அவ்வளவுதான். பூஞ்சை வராம இருக்க சில பேர் மெத்திலீன் ப்ளூ ஒரு துளி சேர்ப்பாங்க, நான் மருந்து போடற டிஷ்ல சேர்க்கறதில்லை, ஏற்கனவே ஒரு கெமிக்கல் இருக்கற இடத்துல இன்னொண்ணு எதுக்கு.

முதல் எக்ஸ்பெரிமென்டுக்கு அந்த பிடியூ. முழுப் பேர் ஃபினைல் தையோயூரியா. இது தடுக்கறது டைரோசினேஸ்ங்கற என்சைமை, அதுக்குள்ள ரெண்டு செம்பு அணு இருக்கும், பிடியூவோட கந்தகம் போய் அந்த செம்பைப் பிடிச்சுக்கும், அப்புறம் டைரோசின்லேர்ந்து மெலனின் வர்ற வழி அங்கயே அடைபட்டுடும். கறுப்பு நிறம் வராது. வழக்கமான அளவு 0.003%, அதாவது ஒரு லிட்டருக்கு 30 மில்லிகிராம், மோலார் கணக்குல சுமார் 200 மைக்ரோமோலார். பத்து மடங்கு கெட்டியா ஸ்டாக் போட்டு வச்சுக்கங்க, 100 மில்லி இ3ல 30 மில்லிகிராம், போடறப்போ இ3 சேர்த்து நீர்க்க வச்சுக்கலாம். லேசுல கரையாது, வெதுவெதுப்பா வச்சு ராத்திரி பூரா ஸ்டிர்ரர்ல சுத்த விடணும். அவசரப்பட்டு அரைகுறையா கரைஞ்சதை ஊத்தினா அடியில துகள் உக்காரும், உங்க 0.003% எங்க இருக்குன்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

இங்க ஒரு சின்ன கதை. காலேஜ் ஜெனடிக்ஸ் பிராக்டிக்கல்ல ஒரு துண்டு பேப்பரை நாக்குல வச்சு யாருக்கு கசக்குது யாருக்கு கசக்கலைன்னு கணக்கு எடுத்திருப்பீங்களே, பிடிசி பேப்பர், அந்த பிடிசியும் இந்த பிடியூவும் ஒரே பொருள்தான், பேர்தான் வேற. 1931ல டுபான்ட் கம்பெனியில ஆர்தர் ஃபாக்ஸ் இந்தப் பவுடரை எடுக்கும்போது காத்துல பறந்து, பக்கத்துல இருந்தவர் ஐயோ கசக்குதுன்னு கத்த, ஃபாக்ஸுக்கு ஒரு ருசியும் தெரியலையாம், அப்படி ஆரம்பிச்ச விஷயம். பேப்பர்ல இருக்கறது ரொம்பத் துளி. பாட்டில்ல இருக்கறது அப்படி இல்லை, எலியை சில மில்லிகிராமே கொன்னுடும், ரொம்பக் கடுமையான விஷம். கையுறை போட்டு, மாஸ்க் போட்டு, ஃப்யூம் ஹுட்ல வச்சுத்தான் எடை போடணும். காலேஜ்ல நாக்குல வச்சோமேன்னு அலட்சியமா இருக்காதீங்க.

தண்ணியில கரையாத மருந்துன்னா டிஎம்எஸ்ஓங்கற கரைப்பான்ல ஸ்டாக் போடணும். நான் எப்பவும் கடைசி அளவை விட ஆயிரம் மடங்கா ஸ்டாக் போடறேன். 10 மைக்ரோமோலார் வேணும்னா 10 மில்லிமோலார் ஸ்டாக், ஒரு மில்லிக்கு ஒரு மைக்ரோலிட்டர், டிஎம்எஸ்ஓ 0.1%லயே நிக்கும். ஒவ்வொரு டோஸுக்கும் வேற வேற வால்யூம் ஊத்தினீங்கன்னா டிஎம்எஸ்ஓவும் சேர்ந்து ஏறும், அப்புறம் மருந்து பண்ணுச்சா டிஎம்எஸ்ஓ பண்ணுச்சான்னு யாரும் சொல்ல முடியாது. டோஸ் மாறலாம், டிஎம்எஸ்ஓ மாறக்கூடாது. அதே அளவு டிஎம்எஸ்ஓ மட்டும் இருக்கற ஒரு டிஷ் கட்டாயம், வெறும் தண்ணி டிஷ் தனி.

டோஸ் எவ்வளவுன்னு கேட்டா, டெஸ்ட் டியூப்ல சுத்தமான என்சைம் மேல பார்த்த அளவை அப்படியே எடுத்துக்காதீங்க. கருவைச் சுத்தி கோரியான்னு ஒரு ஓடு இருக்கு, அதுல அரை மைக்ரோமீட்டர் அளவு ஓட்டைகள், சின்ன மூலக்கூறு போயிடும், பெருசு மாட்டிக்கும். அதைத் தாண்டினா செல் சவ்வு, அப்புறம் கொழுப்பை விரும்பற மருந்தை எல்லாம் மஞ்சள் கரு இழுத்து வச்சுக்கும். அதனால பெரும்பாலும் கூடுதலாத்தான் தேவைப்படும். முதல்ல மூணு மூணு மடங்கா அஞ்சாறு டோஸ் வச்சு எதுல சாகுதுன்னு பாருங்க, சாகாத டோஸுக்குள்ளதான் உங்க வேலை.

முதல் எக்ஸ்பெரிமென்ட்: நாலு டிஷ்

முட்டை காலையில 9 மணிக்கு விழுந்துதுன்னு வச்சுக்கங்க. நாலு பெட்ரி டிஷ், ஒவ்வொண்ணுலயும் 25 கரு, 28.5 டிகிரி இன்குபேட்டர்.

முதல் டிஷ்ல மருந்தே கிடையாது. ரெண்டாவதுல அன்னிக்கு சாயங்காலம் 7 மணிக்கு, பத்து மணி நேரக் கரு, அந்தக் கட்டத்துல வால் மொட்டு தெரியும், அப்போ பிடியூ போட்டு கடைசி வரைக்கும் விடுங்க. மூணாவதுல நான் பண்ணின தப்பையே வேணும்னே பண்ணுங்க, மறுநாள் சாயங்காலம் 4 மணி வாக்குல போடுங்க. நாலாவதுல ரெண்டாவது மாதிரியே 7 மணிக்குப் போட்டுட்டு, மூணாம் நாள் காலை 9 மணிக்கு, அதாவது 48 மணி நேரத்துல, மூணு தடவை புது இ3 மாத்திக் கழுவிடுங்க. நாலு டிஷ்லயும் தினமும் தண்ணி மாத்தணும், மருந்து இருக்கறதுல மருந்தோட மாத்தணும். கழுவற வேலைய மத்த டிஷ்ஷுக்கும் பொய்யா பண்ணுங்க, ஆட்டறதே சில கருவுக்கு ஆகாது.

நாலாம் நாள் காலையில, 72 மணி நேரத்துல பாருங்க. முதல் டிஷ்ல கண்ணு கரிக்கட்டை மாதிரி, முதுகு நெடுக கறுப்புக் கோடு. ரெண்டாவதுல எல்லாம் பளிங்கு, இதயம் துடிக்கறது, ரத்தம் வால் வரைக்கும் போய்த் திரும்பறது, ஒவ்வொரு ரத்த செல்லா எண்ணிடலாம் போல இருக்கும், கண்ணுல மட்டும் லேசா வெள்ளி மினுக்கு தெரியும், அது இரிடோஃபோர்ங்கற வேற ரக செல், டைரோசினேஸுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. முதல் தடவை பார்க்கறப்போ அரை மணி நேரம் வேற வேலையே ஓடாது, சொல்லிட்டேன். மூணாவது டிஷ் என் டிஷ். கறுப்பு 24 மணி நேரம் வாக்குல கண்ணுல ஆரம்பிச்சுடுது, நாம போடறதுக்கு முன்னாடியே வந்த மெலனின் வந்ததுதான், பிடியூ என்சைமைத்தான் நிறுத்தும், ஏற்கனவே செஞ்சு வச்ச சரக்கை அழிக்காது. மாவு அரைச்சதுக்கு அப்புறம் கிரைண்டரை ஆஃப் பண்ணினா மாவு திரும்ப அரிசி ஆகுமா. நாலாவது டிஷ்ல கறுப்பு லேட்டா வர ஆரம்பிச்சிருக்கும், கழுவினதும் என்சைம் திரும்ப வேலைக்கு வந்துடுச்சு.

ஒரே மருந்து, ஒரே அளவு, மூணு விதமான மீன். எந்த லெக்சரும் இதைவிட நல்லா சொல்லிக் குடுக்காது.

இன்னும் கொஞ்சம் உத்துப் பாருங்க. பிடியூ டிஷ்ல ஓட்டை விட்டு வெளிய வர்றது லேட்டாகும். கண்ணை அளந்து பார்த்தா கொஞ்சம் சின்னதா இருக்கும். தைராய்டு ஹார்மோனும் குறையும், ஏன்னா அதைச் செய்யற என்சைமையும் பிடியூ தொட்டுடுது. நாம ஒரு மாங்காய்க்குத்தான் கல் எறிஞ்சோம், ரெண்டாவது மாங்கா கேக்காமலே விழுந்துடுச்சு. நிறம் மட்டும்தானே போகுதுன்னு நினைச்சு கண்ணைப் பத்தியோ தைராய்டைப் பத்தியோ ஆராய்ச்சி பண்றவங்க பிடியூ போட்டுக்கிட்டு இருந்தா அது வம்பு. அவங்க ஜீன் மாறி உடம்புல நிறம் இல்லாம போன மியூட்டன்ட் மீனைத் தேடிக்கிறது நல்லது, 2008ல வந்த காஸ்பர்னு ஒண்ணு இருக்கு, பெரிய மீனானாலும் கண்ணாடிதான்.

செத்துப்போச்சா, லேட்டா, நிஜமாவே மாறிடுச்சா

புதுசா வர்றவங்க அதிகமா வழுக்கி விழற இடம் இது. மருந்து போட்ட கரு 24 மணி நேரத்துல சின்னதா, வால் குட்டையா, கண்ணு சரியா வராம இருக்கு. உடனே இன்ஹிபிட்டர் வாலைத் தடுக்குதுன்னு எழுதிடுவோம். பொறுங்க. பல சமயம் அது நல்ல கருதான், 18 மணி நேரக் கரு, லேட், அவ்வளவுதான்.

இதுக்கு மருந்தே தேவையில்லை, கரண்ட் போனாலே போதும். ஒரு தடவை ராத்திரி கரண்ட் போய் இன்குபேட்டர் 25 டிகிரிக்கு இறங்கி இருந்துது, நான் காலையில வந்து மருந்து போட்ட பிளேட்டைப் பார்த்துட்டு எல்லாம் வளர்ச்சி குறைஞ்சிருக்குன்னு குதிச்சேன், கன்ட்ரோலும் அப்படியே குறைஞ்சிருக்கறதை சாப்பாட்டு நேரத்துக்கு அப்புறம்தான் பார்த்தேன். 28.5 டிகிரியில 24 மணி நேரத்துல வர்ற கட்டம் 25 டிகிரியில வர கிட்டத்தட்ட 30 மணி நேரம் ஆகும். அதனால கடிகாரத்தை மட்டும் பார்க்காதீங்க, கருவையே பாருங்க. முதுகுல பக்கம் பக்கமா வரிசை கட்டி நிக்கற சோமைட் கட்டிகளை எண்ணுங்க, மருந்துக் கருவுல 18 இருந்தா 18 இருக்கற கன்ட்ரோல் கருவோடதான் ஒப்பிடணும். ஒப்பிட்டதுக்கு அப்புறமும் வித்தியாசம் இருந்தா அப்போ சந்தோஷப்படுங்க.

சாவுக்கு நாலு அடையாளம், ஓஇசிடி முறையில சொல்றது. கரு வெளுத்து உறையறது, சோமைட் வராம போறது, வால் மஞ்சள் கருவை விட்டுப் பிரியாம ஒட்டியே இருக்கறது, இதயம் துடிக்காதது. இந்த நாலுல ஒண்ணு நிறைய கருவுல வருதுன்னா உங்க டோஸ் அதிகம், குறைங்க. இதயத்தைச் சுத்தி தண்ணி கோத்து வீங்கறது, உடம்பு வாழைப்பழம் மாதிரி வளையறது, இது ரெண்டும் எந்த விஷத்துக்கும் வரும், சாயத்தண்ணிக்கும் வரும், அதை வச்சு எந்த என்சைம் பத்தியும் எதுவும் சொல்லாதீங்க.

ரெண்டாவது எக்ஸ்பெரிமென்ட்: துடுப்பு இல்லாத மீன்

பிடியூ நிறத்தை மட்டும் எடுத்துது. இது உடம்பு வடிவத்தையே மாத்தும். டிஇஏபின்னு சொல்ற டைஎத்தில்அமினோ பென்சால்டிஹைடு, இது ரெட்டினால்டிஹைடு டிஹைட்ரஜனேஸ்ங்கற என்சைமைத் தடுக்கும். அந்த என்சைம் வைட்டமின் ஏயிலேர்ந்து வர்ற பொருளை ரெட்டினோயிக் ஆசிடா மாத்தறது. அந்த ஆசிட்தான் தலைக்கும் உடம்புக்கும் நடுவுல எது எங்க வரணும்னு கருவுக்குச் சொல்றதுல ஒரு முக்கியமான ஆள்.

10 மில்லிமோலார் ஸ்டாக் டிஎம்எஸ்ஓல, கடைசி அளவு 10 மைக்ரோமோலார். வெளிச்சம் ஆகாது, டிஷ்ஷை ஃபாயில்ல சுத்துங்க. ஒரு கூட்டத்துக்கு 5 மணி நேரக் கருவுல, மதியம் 2 மணிக்குப் போட்டு, மறுநாள் காலை 9 மணிக்குக் கழுவிடுங்க. இன்னொரு கூட்டத்துக்கு அந்த காலை 9 மணிக்குத்தான் போடறீங்க. சரிக்குச் சரி 19 மணி நேரம் விடணும்னா விடியக்காலை 4 மணிக்கு வந்து கழுவணும், யாரும் வர மாட்டாங்க, நானும் வந்ததில்லை, 48 மணி நேரம் ஆகற வரைக்கும் விட்டுடுவேன். அதுல ஒரு லாபமும் இருக்கு. ரெண்டாவது கூட்டம் அதிக நேரம் மருந்துல கிடந்துச்சு, அப்படியும் அதுக்குத் துடுப்பு இருக்குன்னா, காரணம் மருந்துல கிடந்த நேரத்தோட நீளம் இல்லை, எந்த நேரத்துல கிடந்ததுங்கறதுதான்னு சொல்றது இன்னும் பலமாயிடும்.

72 மணி நேரத்துல மேலேர்ந்து பாருங்க, பக்கவாட்டுல பார்த்தா தெரியாது. கன்ட்ரோல் குஞ்சுக்குத் தலைக்குப் பின்னாடி ரெண்டு பக்கமும் சின்ன விசிறி மாதிரி மார்புத் துடுப்பு நிக்கும். லேட்டா மருந்து வாங்கினதுக்கும் நிக்கும். முன்னாடியே வாங்கினதுக்கு அந்த இடம் மொழுக்குன்னு இருக்கும், கை வைக்காத பனியன் மாதிரி. துடுப்பு மொட்டே 28 மணி நேரம் வாக்குலதான் கண்ணுக்குத் தெரியும், ஆனா துடுப்பு இங்க வரணும்ங்கற முடிவு அதுக்கு ரொம்ப முன்னாடி, முதல் நாள்லயே எடுக்கப்பட்டுடுது. ஒரு உறுப்பு தெரியற நேரம் வேற, அதுக்கு என்சைம் தேவைப்படற நேரம் வேற.

இது மீனுக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவுல ஐடஹோ மலைப்பக்கம் ஆடுகளுக்கு நெத்தி நடுவுல ஒத்தைக் கண்ணோட குட்டி பிறந்துது, தாய் ஆடு சினையான 14வது நாள் ஒரு காட்டுச் செடியைத் தின்னதுதான் காரணம். அந்த நாளை விட்டுட்டு வேற நாள்ல தின்னிருந்தா ஒத்தைக் கண் வராது. ஆனா இந்தக் கதைய என்சைம் இன்ஹிபிட்டருக்கு உதாரணமா சொல்றவங்களைப் பார்த்திருக்கேன், அது தப்பு. அந்தச் செடியில இருக்கற சைக்ளோபமைன் பிடிக்கறது ஸ்மூதன்ட்ங்கற சவ்வுப் புரோட்டீனை, அது என்சைம் இல்லை. நேரத்துக்கு மட்டும் உதாரணமா எடுத்துக்கங்க.

ரிசல்ட்டை நம்பறதுக்கு முன்னாடி

துடுப்பு போச்சு சரி, அது அந்த என்சைம் நின்னதாலதான் போச்சுன்னு எப்படிச் சொல்றது? டிஇஏபி இதே குடும்பத்து வேற என்சைம்களையும் தொடும். மூணு வழி இருக்கு. என்சைம் செய்ய வேண்டிய சரக்கை நீங்களே கையில குடுக்கறது ஒண்ணு. டிஇஏபி போட்ட டிஷ்லயே ரெட்டினோயிக் ஆசிடை நானோமோலார் அளவுல, ரொம்ப ரொம்பக் குறைவா சேர்த்து, துடுப்பு திரும்ப வருதான்னு பார்க்கறது. வந்தா கேஸ் பலமாச்சு. அளவு கொஞ்சம் கூடினாலும் அந்த ஆசிடே கருவைக் கெடுத்துடும், அதனால இதை முதல் வாரமே முயற்சி பண்ணாதீங்க. ரெண்டாவது, அந்த என்சைமுக்கான ஜீனே கெட்டுப்போன மீனோட ஒப்பிடறது. நெக்லெஸ்னு ஒரு மியூட்டன்ட் இருக்கு, கழுத்துல போடற நெக்லெஸ் இல்லை, கழுத்தே இல்லைன்னு அர்த்தம், அதுக்கும் மார்புத் துடுப்பு கிடையாது. மருந்து போட்ட மீன் அது மாதிரியே இருந்தா நல்ல சகுனம். மூணாவது, அதே என்சைமைத் தடுக்கற, ஆனா உருவத்துல சம்பந்தமே இல்லாத இன்னொரு மருந்தைப் போட்டுப் பார்க்கறது. ரெண்டும் ஒரே மாதிரி பண்ணினா பக்க விளைவா இருக்க வாய்ப்பு குறைவு.

எண்ணறதை வேற ஆளை விட்டு எண்ண வைங்க, எது எந்த டிஷ்ன்னு அவங்களுக்குத் தெரியக்கூடாது. நமக்கு வேணுங்கறதைத்தான் நம்ம கண்ணு பார்க்கும். அப்புறம் ஒரே நாள்ல மூணு டிஷ் வச்சுட்டு மூணு தடவை பண்ணினேன்னு சொல்லாதீங்க, வேற வேற நாள், வேற வேற ஜோடி போட்ட முட்டையில பண்ணினாத்தான் மூணு.

முடிச்சுட்டுக் கிளம்பறப்போ

இந்தியாவுல மீனும் முதுகெலும்பு உள்ள பிராணிதான், உங்க நிறுவனத்து விலங்கு நெறிமுறைக் கமிட்டியில கேக்காம ஆரம்பிக்காதீங்க. ஐரோப்பாவுல குஞ்சு தானா இரை தின்ன ஆரம்பிக்கிற வரைக்கும், சுமார் அஞ்சு நாள், அதை அந்தச் சட்டத்துக்குள்ள சேர்க்கறதில்லை, அதைப் படிச்சுட்டு இங்கயும் அப்படித்தான்னு நினைச்சுக்கறவங்க உண்டு. எக்ஸ்பெரிமென்ட் முடிஞ்ச குஞ்சுகளை ட்ரைகெயின்ங்கற மயக்க மருந்தைத் தூக்கலா போட்டு, துடிப்பு நின்னதைப் பார்த்துட்டு, அப்புறம் ப்ளீச்ல போடணும். சிங்க்ல ஊத்திட்டுப் போறது கூடவே கூடாது. பிடியூ தண்ணி, டிஇஏபி தண்ணி ரெண்டும் தனித்தனி கேன்ல, மேல பேர் எழுதி.

பிளேட் மூடியில மருந்து பேரும் அளவும் எல்லாரும் எழுதறாங்க. நீங்க முட்டை விழுந்த நேரம், போட்ட நேரம், கழுவின நேரம் மூணையும் சேர்த்து எழுதுங்க. மார்க்கர்ல நேரா மூடி மேல எழுதாதீங்க, எத்தனால் துடைச்ச கையுறை ஒரு தடவை பட்டா அழிஞ்சுடும், பேப்பர் டேப்புல பென்சில்ல எழுதி ஒட்டுங்க. மூடியில ஒட்டாம அடித்தட்டோட பக்கவாட்டுல ஒட்டுங்க, ஏன்னா தண்ணி மாத்தறப்போ நாலு மூடியையும் கழட்டி வரிசையா வச்சுட்டு, எது எதோட மூடின்னு முழிச்சுக்கிட்டு நின்னவன் நான்.